மளிகைக் கடைக்கு ஓரப்பட்டை: மாட்டுவதும் சுலபம், பார்வைக்கும் நேர்த்தி

கடையைப் புதுப்பிக்கிறோம் என்றால் நம்மில் பெரும்பாலோருக்கு முதலில் நினைவுக்கு வருவது பெயர்ப்பலகை. பிறகு விளக்கு, பிறகு ரேக். கையில் பணம் மிச்சம் இருந்தால் சுவருக்கு ஒரு கோட் பெயிண்ட். சுவரும் தரையும் சேரும் மூலையை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் சரக்குக்கு வரும் கேடு பாதிக்கு மேல் அந்த மூலையில்தான் ஆரம்பிக்கிறது. ஓதம் ஏறுவது அங்கே. எலி வழி கண்டுபிடிப்பது அங்கே. கரப்பான் குடித்தனம் நடத்துவது அங்கே. அரிசி மூட்டையின் அடி கறுத்துப் போவதும் அங்கேதான்.

ஸ்கர்ட்டிங், டேடோ, பீடிங், கார்னிஸ் என்று ஆசாரியும் கொத்தனாரும் சொல்லும் எல்லாவற்றையும் இந்தக் கட்டுரையில் ஓரப்பட்டை என்ற ஒரே சொல்லால் குறிப்பிடுகிறேன். சுவர் எங்கே முடிகிறதோ, எங்கே திரும்புகிறதோ, எங்கே இடிபடுகிறதோ, அங்கே ஓடும் பட்டை. அவ்வளவுதான். அதை எப்படி அமைத்தால் கடையை நாள் கணக்கில் மூடாமல் மாட்டி முடிக்கலாம், மாட்டிய பிறகு கடையும் கண்ணியமாகத் தெரியும் என்பதைப் பார்ப்போம்.

இது அழகு சமாசாரம் மட்டும் அல்ல. உணவுப் பாதுகாப்புப் பதிவுச் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறோம். அதோடு சேர்ந்து வரும் நிபந்தனைகளைப் படித்தவர்கள் குறைவு. 2011ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின் 4ஆவது அட்டவணை, தரையும் சுவரும் கூரையும் பழுதில்லாமல், வழுவழுப்பாக, சுலபமாகச் சுத்தம் செய்யும்படி இருக்க வேண்டும், பெயிண்டோ பூச்சோ உதிரக் கூடாது என்கிறது. தரையையும் ஸ்கர்ட்டிங் போட்ட சுவரையும் கிருமிநாசினி கொண்டு கழுவ வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. ஆக, ஸ்கர்ட்டிங் என்பது பங்களா வீட்டுக்காரர்களின் ஆடம்பரம் என்று நாம் ஒதுக்கிவிட முடியாது.

பட்டை என்பதே பிசகை மறைக்கத்தான்

ஓரப்பட்டை எதற்காக வந்தது என்றால், வேலையில் உள்ள பிசகை மறைக்க. கூச்சப்படாமல் சொல்ல வேண்டிய விஷயம் இது. எவ்வளவு கைதேர்ந்த கொத்தனாராக இருந்தாலும் பூச்சு தரையை முட்டும் இடம் நூல் பிடித்தது போல முடியாது. மயிலாப்பூர் மாட வீதிகளிலும் கச்சேரி சாலையிலும் உள்ள பழைய கட்டடங்களில் மூலைமட்டத்தை வைத்துப் பார்த்தால் சரியாக 90 டிகிரி நிற்கும் மூலை அபூர்வம். அப்படிப்பட்ட சுவரில், சுவர் நேராக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும் பட்டையைக் கொண்டுபோய் வைத்தால் ஆசாரி இரண்டு நாள் இழைத்துக்கொண்டே இருப்பார். கூலி ஏறும். கடைசியில் சந்தில் பட்டி வைத்து அடைத்துவிட்டுப் போவார். நல்ல பட்டை சுவரின் கோணலையும் ஆசாரியின் அவசரத்தையும் முன்கூட்டியே கணக்கில் எடுத்துக்கொண்டு அமைக்கப்பட்டதாக இருக்கும்.

நம் ஸ்தபதிகளுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. கபாலீசுவரர் கோயிலுக்குப் போகும்போது சந்நிதியின் அடிப்பகுதியை ஒரு நிமிடம் நின்று பாருங்கள். அதிட்டானம் என்பார்கள். உபானம், ஜகதி, குமுதம், கண்டம், பட்டிகை என்று அடுக்கடுக்காகப் போவது கற்கோயில்களின் வழக்கம். இதில் கண்டம் என்பது உள்ளே தள்ளியிருக்கும் கழுத்து. அங்கே நிழல் விழும். ஒரு வரிசைக் கல்லும் அடுத்த வரிசைக் கல்லும் சேரும் கோடு இந்த மேடு பள்ளத்தோடு கலந்துவிடுவதால் இணைப்பு தனியாகக் கண்ணை உறுத்தாது. இரண்டு பொருள்களை ஒரே மட்டத்தில் சேர்த்தால் அரை நூல் பிசகினாலும் பளிச்சென்று தெரியும். ஒன்றை இரண்டு நூல் உள்ளே தள்ளி வைத்தால் அதே பிசகை நிழல் விழுங்கிக்கொள்ளும்.

நம் கடைக்கு இதை இப்படி எடுத்துக்கொள்ளலாம். கதவு நிலையின் கனத்தைவிடப் பட்டையின் கனம் குறைவாக இருக்கட்டும். நிலை சற்று முன்னே நிற்க, பட்டை அதன் பக்கவாட்டில் போய் முட்டி நிற்கட்டும். தூணில் மாட்டும் பட்டையும் சுவர்ப் பட்டையும் ஒரே மட்டத்தில் வர வேண்டாம். மூலையில் இரண்டு பட்டைகளை 45 டிகிரியில் அறுத்து ஒட்டுவதற்குப் பதிலாக, பட்டையைவிட இரண்டு நூல் கனமான, இரண்டு நூல் உயரமான ஒரு சதுரக் கட்டையை மூலையில் நிறுத்திவிட்டால் இருபுறப் பட்டைகளையும் நேராக அறுத்து அதில் முட்ட வைத்துவிடலாம். மூலை 88 டிகிரியாக இருந்தாலும் 93 ஆக இருந்தாலும் கவலை இல்லை. 45 டிகிரி வெட்டு புதிதில் அழகாகத்தான் இருக்கும். ஒரு மழைக்காலம், ஒரு கோடை போனபின் வாய் பிளந்து நிற்கும். மூலைக்கட்டை வைத்த வேலை பத்து வருடம் கழித்தும் அப்படியே இருக்கும், பார்ப்பவருக்கும் அது வேண்டுமென்றே செய்த வேலைப்பாடு போலத் தோன்றும்.

பட்டையின் வடிவம் பற்றி ஒரு வார்த்தை. 19ஆம் நூற்றாண்டில் மேல்நாட்டில் நீராவியால் ஓடும் இழைப்பு இயந்திரங்கள் வந்த பிறகு வளைவும் வரியும் கடைந்த மரப் பட்டைகள் மலிந்தன. அதைப் பார்த்து இன்றும் வரி வரியான பட்டைதான் உயர்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். கல்யாண மண்டபத்துக்கு அது சரி. மளிகைக் கடையில் ஒவ்வொரு வரியிலும் கோதுமை மாவும் மஞ்சள் தூளும் போய் உட்காரும். நமக்கு வேண்டியது வெறும் தட்டைப் பட்டை. ஒரே ஒரு வேலைப்பாடு போதும். மேல் விளிம்பை முன்பக்கமாகச் சரித்து இழைக்கச் சொல்லுங்கள். தூசு தங்காது, ஈரத்துணியால் ஒரே இழுப்பில் துடைக்கலாம். அந்தச் சரிவில் விழும் வெளிச்சமே ஒரு கோடு போட்டது போலத் தெரியும்.

சந்து: ஒன்று அறவே கூடாது, அல்லது தாராளமாக வேண்டும்

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். சுண்டெலிக் குட்டி நுழைய இரண்டு நூல் சந்து போதும், அதாவது கால் அங்குலம். பெரிய எலிக்கு நாலு நூல். கரப்பானுக்கு அதுகூட வேண்டாம். பட்டைக்கும் சுவருக்கும் நடுவே, பட்டைக்கும் தரைக்கும் நடுவே இந்த அளவில் சந்து விட்டு மாட்டுவதைவிடப் பட்டையே போடாமல் இருப்பது நல்லது. வெறும் சுவரில் எலி ஓடினால் கண்ணுக்காவது தெரியும்.

அப்படியானால் எல்லாவற்றையும் இறுக்கி அடைத்துவிடலாமே என்றால், அங்கேதான் ஓதம் குறுக்கே வருகிறது. மயிலாப்பூரின் பழைய சுவர்கள் சுண்ணாம்புச் சுவர்கள். கிளிஞ்சல் சுண்ணாம்பில் அரைத்துப் பூசி, சலவைக்கல் போல மெருகேற்றிய மெட்ராஸ் சுண்ணாம்புப் பூச்சு வெள்ளைக்காரர்களே வியந்து எழுதிய ஒன்று. அந்தச் சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், பிறகு காற்றில் விட்டுவிடும். அதன்மேல் சிமெண்ட் பூசி, நாலடி உயரத்துக்கு வழுவழு ஓடு ஒட்டிவிட்டால் ஈரம் வெளியேற வழியில்லாமல் ஓட்டுக்கு மேலே ஏறும். கீழே பளபளப்பு, அதற்கு மேலே உப்புப் பூத்துப் பூச்சு பொரிந்து நிற்கும். இந்தக் காட்சியைப் பார்க்காத வணிகர் யாரும் இருக்க முடியாது. ஓடு மட்டம் என்று ஓட்டுக் கம்பெனியைத் திட்டுவோம், தவறு ஓட்டில் இல்லை.

தி.நகர்காரர்கள் நம் கட்டடம் புதிது என்று நிம்மதியாக இருக்க வேண்டாம். 1920களில் லாங் டேங்க் என்ற ஏரியின் படுகையில் மனை போட்டு உருவான பகுதி அது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்ற பெயர் இன்றும் அதைச் சொல்கிறது. 2021 நவம்பர் மழையில் தண்ணீர் தன் பழைய இடத்தைத் தேடிக்கொண்டு வந்ததை எல்லோரும் பார்த்தோம்.

ஆகவே அடியிலும் மேலேயும் இரண்டு வேறு வழியைப் பின்பற்ற வேண்டியிருக்கிறது. தரையோரத்தில் சந்தே கூடாது. நாலு அங்குலம் முதல் ஆறு அங்குல உயரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அதற்கு மேல் சுவர் மூச்சு விடட்டும். சொந்தக் கட்டடம் என்றால் கடப்பா கல் அல்லது கிரானைட் துண்டைப் பதித்து, தரையும் கல்லும் சேரும் மூலையில் கலவையைக் குழிவாக இழுத்துவிடச் சொல்லுங்கள். காவித் தரை போட்ட அந்தக்காலக் கொத்தனார்கள் தரையின் காவியையே சுவரோரத்தில் வளைத்து மேலே ஏற்றிவிடுவார்கள். ஆஸ்பத்திரிகளில் இன்றும் இதே முறைதான், மூலை என்று ஒன்று இல்லாவிட்டால் அழுக்கு தங்க இடமில்லை. குழிவு இழுக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம், ஒரு கண்ணாடி பாட்டிலின் பக்கவாட்டே போதும்.

மூட்டை முட்டும் உயரத்தில் தாராளமான சந்து வேண்டும். அதாவது, சுவரில் இரண்டடிக்கு ஒன்றாக மூன்று அங்குலக் கட்டைகளை வைத்து, அவற்றின் மேல் மூன்றுக்கு ஒன்று ரீப்பரைப் படுக்கையாக ஓட விடுங்கள். தரையிலிருந்து ஓரடியில் ஒன்று, மூன்றடியில் ஒன்று. மூட்டை அட்டி போட்டாலும் சுவரைத் தொடாது. பின்னால் காற்று போகும், விளக்குமாறு போகும், டார்ச் அடித்துப் பார்த்தால் எலிப் புழுக்கை தெரியும். விளக்குமாறு நுழையாத, எலி நுழையும் சந்து கடைக்குள் எங்கும் இருக்கக் கூடாது.

எந்தப் பொருள்?

வால்டாக்ஸ் சாலையில் ஏறி இறங்கினால் மரத்தில் எத்தனையோ ரகம் கிடைக்கும். (18ஆம் நூற்றாண்டில் நகரச் சுவர் கட்டும் செலவுக்காக வரி போட நினைத்ததால் வந்த பெயர் அது. சுவருக்குச் சாமான் வாங்கப் பொருத்தமான இடம்தான்.) தேக்கு கரையானைத் தாங்கும், ஈரத்தையும் ஓரளவு தாங்கும். எம்.டி.எஃப். என்று அழகாக பெயிண்ட் அடித்து வரும் பட்டை விலை குறைவு, பார்வைக்கும் நன்றாக இருக்கும். ஆனால் அது மரத்தூளை அழுத்திச் செய்தது. தண்ணீர் பட்டால் பிஸ்கட் போல ஊதிவிடும், பிறகு சுருங்காது. 2015 டிசம்பர் முதல் வாரம் அடையாறு கரை புரண்டபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தண்ணீர் புகுந்த இடங்களில் கல்லும் ஓடும் பி.வி.சி.யும் கழுவியதும் மீண்டன. அழுத்திய தூள் பலகைக்கு அந்தப் பாக்கியம் இல்லை. தினமும் தரை கழுவும் கடையில் வெள்ளம் வராவிட்டாலும் எம்.டி.எஃப். நிலைக்காது. என் அபிப்பிராயத்தில் மளிகைக் கடையின் தரையோரத்தில் அதற்கு இடமே இல்லை.

வாடகைக் கடைக்காரர்களுக்கு பி.வி.சி., அல்லது அலுமினியப் பட்டை ஏற்றது. முதலில் கிளிப்புகளை ஸ்குரூ போட்டு மாட்டிவிட்டுப் பட்டையை அதில் அழுத்தினால் பிடித்துக்கொள்ளும். காலி செய்யும்போது கழற்றி எடுத்துப் போகலாம், கோயில் கட்டடமோ தனியார் கட்டடமோ சுவரை உடைத்தாய் என்று யாரும் கேட்க முடியாது. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். பி.வி.சி. வெப்பத்தில் நீளும். 20 டிகிரி ஏறினால் பத்தடிப் பட்டை ஒரு நூலுக்குச் சற்று அதிகமாகவே நீளும். மார்கழிக் குளிரில் இறுக்கி மாட்டினால் சித்திரையில் நடுவில் வயிறு தள்ளும். முட்டும் இடத்தில் ஒரு நூல் விட்டு மாட்டி, அந்த இடத்தை மூலைக்கட்டையின் வெட்டுக்குள்ளோ இணைப்பு மூடிக்குள்ளோ மறைத்துவிட வேண்டும். மரம் இதற்கு நேர்மாறு, நீளவாக்கில் அசையாது, அகலவாக்கில் மழைக்காலத்தில் உப்பும். ஆகவே மரப் பட்டைக்கு நடுவில் ஒரே வரிசையாக ஸ்குரூ போட வேண்டும். மேலும் கீழும் இரண்டு வரிசை போட்டால் பிளந்துவிடும்.

ஸ்குரூவை மறைக்க வேண்டும் என்று பட்டி வைத்துத் தேய்ப்பது வீண் வேலை. பித்தளை கப் வாஷரோடு, இரண்டடிக்கு ஒன்றாக, அளவு பிசகாமல் வெளியே தெரியும்படி போட்டால் அதுவே அலங்காரம். கழற்றிச் சுத்தம் செய்யவும் வழி இருக்கும். பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் உப்புக் காற்றில் இரும்பு ஸ்குரூ ஒரு வருடத்தில் துருப்பிடித்துச் சுவரில் கண்ணீர் வடிக்கும். அங்கெல்லாம் பித்தளை அல்லது எவர்சில்வர்தான். பழைய சுண்ணாம்புச் சுவரில் துளை போடும்போது செங்கல்லின் நடுவில் போட வேண்டும், கல்லுக்கும் கல்லுக்கும் இடையே உள்ள சாந்தில் போட்டால் பிளக்கோடு கையில் வந்துவிடும். அந்தச் சுவரில் பசை மட்டும் வைத்து ஒட்டுவதும் வேண்டாம். பட்டை சுண்ணாம்புத் தோலையும் உரித்துக்கொண்டுதான் கீழே விழும்.

எவ்வளவு வாங்க வேண்டும், எப்படி மாட்ட வேண்டும்?

பத்துக்கு இருபது கடை என்று வைத்துக்கொள்வோம். முன்பக்கம் ஷட்டர். மீதி மூன்று சுவரும் சேர்த்து 50 அடி. பத்தடி நீளத்தில் பட்டை கிடைத்தால் ஐந்து போதும், ஒரு துண்டும் வீணாகாது. எட்டடிதான் கிடைக்கிறது என்றால் பக்கச் சுவர் ஒவ்வொன்றுக்கும் எட்டும் எட்டும் நாலும், பின்சுவருக்கு ஐந்தும் ஐந்தும். ஏழு பட்டை வேண்டும். பின்சுவரில் எட்டும் இரண்டும் என்று வைத்தால் துண்டு ஒட்டியது போலத் தெரியும். ஐந்தும் ஐந்துமாக நடுவில் இணைத்தால் அந்தக் கோடு கடையின் மையத்துக்கு நேராக நிற்கும். மிச்சம் விழும் மூன்றடித் துண்டுகள் தூணுக்கு ஆகும். விலை கேட்கும்போது பட்டைக்கு எவ்வளவு என்று கேட்காமல் ரன்னிங் அடிக்கு எவ்வளவு என்று கேளுங்கள், கூலியையும் அப்படியே பேசுங்கள். மூலைக்கட்டை, கிளிப், ஸ்குரூ உட்பட என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

தரை வாசல் பக்கமாகச் சரிந்திருக்கும், கழுவிய தண்ணீர் போக வேண்டுமே. இருபதடியில் ஓரங்குலம் சரிந்தாலும் ரசமட்டத்தை வைத்து மேல்கோட்டை நேராகப் பிடித்தால் ஒரு முனையில் நாலு அங்குலமும் மறுமுனையில் ஐந்து அங்குலமுமாக ஆப்பு போலத் தெரியும். தரையோரப் பட்டை தரையை ஒட்டியே போகட்டும், அந்தச் சரிவு யார் கண்ணுக்கும் தெரியாது. மூட்டைக் கட்டையும் ரேக்கும் மட்டும் தண்ணீர் டியூப் வைத்து மட்டம் பார்த்து மாட்டப்பட வேண்டும், ஏனென்றால் அவை இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்.

தூண் முனையில் தள்ளுவண்டியும் எண்ணெய் டின்னும் இடிக்கும். நாலடி உயரத்துக்கு ஓரங்குல அலுமினிய ஆங்கிள் போதும். மேலே கூரையோரத்தில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கார்னிஸ் வேண்டவே வேண்டாம். ஒட்டடை சேரும், மொட்டை மாடி ஒழுகினால் பெயர்ந்து சரக்கின் மேல் விழும். இரண்டு அங்குலத்தில் ஒரு வண்ணக் கோடு இழுத்துவிட்டால் அதே தோற்றம் வரும். கீழ்ப்பட்டை எந்த நிறமோ அதே நிறத்தில் இழுத்தால் கடை முழுவதும் ஒரே கையால் செய்தது போல இருக்கும். 1996இல் ராஜா அண்ணாமலைபுரத்தில் ஃபுட்வேர்ல்டு திறந்தபோது, இவ்வளவு பளிச்சென்று நம்மால் முடியுமா என்று மலைத்தவர்கள் உண்டு. அங்கே இருந்தது விலை உயர்ந்த வேலைப்பாடு அல்ல. கோடுகள் கோணாமல் இருந்தன, நிறங்கள் குறைவாக இருந்தன.

வேலையை இரவில் செய்யலாம், ஆனால் மூன்று சுவரையும் ஒரே இரவில் தொட வேண்டாம். ஒரு இரவுக்கு ஒரு சுவர். பட்டைகளை முன்தினமே அளந்து, அறுத்து, பெயிண்ட் அடித்துக் காயவைத்துக் கொண்டுவரச் சொல்லுங்கள். கடைக்குள் அறுத்தால் தூள் மாவு டப்பாவில் போய்ச் சேரும். பசை வாடையும் பெயிண்ட் வாடையும் தேயிலைக்கும் காப்பித் தூளுக்கும் ஆகாது. அவை வாடையைக் கேட்டு வாங்கிக்கொள்ளும் சரக்கு. அரிசியும் அப்படித்தான். இவற்றை இரண்டு நாள் எதிர்ச்சுவருக்கு மாற்றிவிடுங்கள். பட்டைக்குப் பின்னால் கரண்ட் வயரை ஒளித்துக்கொண்டு போக எலக்ட்ரீஷியன் ஆசைப்படுவார், விடாதீர்கள். பிறகு ஸ்குரூ போடும்போது வயரில் ஏறும், இல்லாவிட்டால் எலி கடிக்கும்.

மாட்டி முடித்ததும் மேல் விளிம்பு நெடுக சீலன்ட் ஒரு கோடு இழுத்து விரலால் தேய்த்துவிட்டால் சுவரின் நெளிவு அதில் அடங்கிவிடும். கழற்ற வேண்டிய நாளில் பிளேடால் கீறினால் போதும். பொங்கல் சரக்கு இறங்குவதற்கு முன், மழை ஓய்ந்து சுவர் காய்ந்த பிறகு, தை பிறக்க இரண்டு வாரம் இருக்கும்போது வேலையை வைத்துக்கொள்வது உசிதம். ஈரச் சுவரில் மாட்டினால் ஓதம் உள்ளேயே தங்கிவிடும். ஆசாரி போகும் முன் மிச்சமான பட்டையில் ஒரு துண்டும், ஒரு பிடி ஸ்குரூவும், அடித்த பெயிண்டின் நம்பர் எழுதிய சீட்டும் வாங்கிப் பரணில் போட்டு வையுங்கள். என்றாவது ஒரு நாள் லோடு இறக்கும்போது ஒரு முனை உடையும், அன்றைக்கு அதே நிறத்தில் பட்டை தேடி அலைய வேண்டியிருக்காது.